பீலிக்கரை வழுக்கலும் பெரியப்பாவின் சலக்குழாயும்

பீலிக்கரையில் ஒருமுறையேனும் வழுக்கி விழாதவர் எங்கள் தோட்டத்தில் எவரும் இலர். பசறை வீதியிலிருந்து பிரிந்து மேலேறும் ஒரு பழைய தோட்டம் அது. லயத்துக்குப் பின்புறம் மலையிடுக்கில் ஊறிவரும் நீரை ஒரு தகரப் பீலி ஏந்திக் கருங்கல்லின்மீது விடும். அக்கல்லின்மேல் எந்நாளும் மெல்லியதொரு வழுக்கல் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். எம் அன்னையார் ஞாயிறுதோறும் சாம்பலும் தேங்காய் நாருமாகச் சென்று அதைத் தேய்ப்பார். அடுத்த ஞாயிற்றுக்குள் அது திரும்பவும் வந்துவிடும். ஐப்பசி மழையில் வெள்ளமே புரண்டாலும் அது அடித்துச் செல்லப்படுவதில்லை. நீரால் போகாது, தேய்ப்பால்தான் போகும் என்பதை அன்றே கண்டிருந்தோம். ஏன் என்று கேட்க மட்டும் எமக்குத் தோன்றவில்லை.

அதே வழுக்கலைப் பல்லாண்டுகள் கழித்து வேறோர் இடத்திற் காண நேர்ந்தது. எம் பெரியப்பாவின் உடம்பிலிருந்து கழற்றப்பட்ட சலக்குழாயின் உட்சுவரில் அது இருந்தது.

பெரியப்பா கவ்வாத்துக் கத்தி பிடித்தே தம் இளமையைக் கழித்தவர். எண்பதை நெருங்கும் வயதில் புரொஸ்டேட் சுரப்பி வீங்கிச் சலம் அடைபட்டது. இருதயம் பலவீனமாயிருந்தமையால் சத்திரசிகிச்சைக்கு வைத்தியர்கள் இணங்கவில்லை. ஆகவே ஒரு குழாயைப் பொருத்தி, அதன் நுனியிற் பையொன்றை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பென்சிற் பருமனுள்ள மென்மையான குழாய். உள்ளே சென்றபின் அதன் முனையிலுள்ள சிறு பலூனில் நீரேற்றினால் வெளியே நழுவாது. 1930களில் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் பிரெடரிக் ஃபோலி உருவாக்கியமையால் அவர் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது. உலகில் மிகுதியாகப் பயன்படும் வைத்திய சாதனங்களில் அதுவும் ஒன்று. எத்தனையோ முதியவர்களுக்கு அது உயிர்ப்பிச்சை அளித்திருக்கிறது. அதில் ஐயமில்லை.

ஆயினும் பெரியப்பா மானமுள்ள மனிதர். குழாயை மாற்றுவதற்கு மாதமொருமுறை பஸ்ஸில் போகவேண்டும். காலோரம் தொங்கும் சலப்பையை நாலுபேர் பார்ப்பார்களே என்று அவர் குன்றிப்போனார். அவருடைய மனம் நோகக்கூடாதென்று எண்ணி நாமே ஒரு யோசனை செய்தோம். அப்பையை ஒரு துணிப்பைக்குள் வைத்து, கடைக்குப் போய்வருபவர் போல அவருடைய மடிமீதே இருத்தினோம். சனம் நெருக்கும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு குலுங்கிக்கொண்டே சென்றோம். ஒருவரும் ஒன்றும் கவனிக்கவில்லை. எமக்கு ஒரே பெருமை.

இரண்டு நாட் சென்றபின் நள்ளிரவில் அவருக்குக் குளிர் கண்டது. கம்பளிகள் மூன்றைப் போர்த்தியும் கட்டில் அதிர நடுங்கினார். விடியுமுன் காய்ச்சல் ஏறிப் பிதற்றத் தொடங்கிவிட்டார். இறந்து பதினாறு ஆண்டுகளான தம் தம்பியை, அதாவது எம் தந்தையாரை, பெயர்சொல்லி அழைத்து, மழை வருகிறது, கத்தியை எடுத்து உள்ளே வை என்றார். தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய அந்த ஒரு மணிநேரத்தை எழுத எமக்கு மனமில்லை.

வைத்தியசாலையில் சிங்களத் தாதியொருவர் தமக்குத் தெரிந்த தமிழில் எம்மை விசாரித்தார்.

"சீயா வரும்போது பேக் எங்க வச்சது?"

"மடியில," என்றோம்.

"மடி மேல. சலம் கீழதான் போகணும். மேல வச்சா திரும்பி உள்ள போகும்."

அவர் கடிந்து பேசவில்லை. கடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். நாணத்தை மறைக்கப்போய்ப் பையில் நின்ற அழுக்கு நீரை அவருடைய உடம்புக்குள்ளேயே திருப்பி அனுப்பியவர்கள் நாம்.

பழைய குழாயைக் கழற்றியபோது, பயிலும் மாணவர் இருவருக்குக் காட்டும்பொருட்டு இளம் வைத்தியர் அதை நெடுக்காகக் கீறினார். உள்ளே மங்கலான வெண்மை நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருந்தது. கையுறை விரலால் அவர் தொட்டு இழுக்க, அது பிசின்போல வழுக்கியது. "இதுதான் கிருமிகளின் வீடு. மருந்து இரத்தத்தில் ஓடுகிறது, இவை வீட்டுக்குள் கதவடைத்துக்கொண்டு இருக்கின்றன," என்றார். பீலிக்கரைக் கல் எம் கண்முன்னே வந்து நின்றது.

இந்த ஒப்புமை எமக்கு மட்டும் தோன்றியதன்று. கனடாவில் கல்கரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரான வில்லியம் கொஸ்ரேற்றன் என்பவர் மலையோடைக் கற்களின் வழுக்கலை ஆராய்ந்தவர். ஓடும் நீரில் தனியே மிதக்கும் பற்றீரியாக்கள் சிலவே. கல்லில் ஒட்டிக் கூட்டமாய் வாழ்பவையோ மிகப் பல என்று அவரும் அவரைச் சார்ந்தோரும் கண்டனர். 1978இல் 'பற்றீரியா எவ்வாறு ஒட்டிக்கொள்கிறது' என்ற கட்டுரையை எழுதி உலகறியச் செய்தார்கள். ஓடைக் கல்லில் நடப்பது மனித உடம்பில் வைக்கப்படும் பொருளிலும் நடக்குமல்லவா? 1982இல் அவருடைய குழுவினர் இருதயத் துடிப்பைச் சீராக்கும் கருவியொன்றின் கம்பியை நுண்நோக்கியிற் பார்த்தனர். மருந்து கொடுக்குந்தோறும் தணிந்து, நிறுத்தியதும் மீண்டு வந்த தொற்றுக்குக் காரணம் அங்கே தெரிந்தது. கம்பியின்மேல் பற்றீரியாக்கள் கனத்த பசைப் படலத்தினுள் அடுக்கடுக்காய் அமர்ந்திருந்தன.

இப்படலத்தை உயிர்ப்படலம் என்பர். முதலில் ஒரு கிருமி வந்து ஒட்டும். ஒட்டியதும் தன்னைச் சுற்றிச் சர்க்கரைப் பசையைச் சுரக்கும், பெருகும், அயலாரையும் சேர்த்துக்கொள்ளும். அப்பசைக்குள் இருப்பவை, தனியே மிதப்பவற்றைக் கொல்லும் மருந்தளவைப்போல் நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கையும் தாங்கி நிற்பதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. சலக்குழாயை எவ்வளவு கவனமாகப் பேணினாலும், அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேரின் சலத்திற் புதிதாகக் கிருமி குடியேறுகிறது. ஒரு மாதம் கடந்துவிட்டால் ஏறக்குறைய எல்லோரிடத்தும் அது வந்துவிடும். எல்லோருக்கும் காய்ச்சல் வருவதில்லை. வந்தவர்களில் ஒருவர் எம் பெரியப்பா.

குடியேறிய பின் துரத்துவது கடினமென்றால், குடியேற விடாமலே தடுக்கலாமா? இக்கேள்விக்கு விடை தேடுவோரின் கையில் இன்று பல பொருள்கள் உள்ளன. அவற்றில் ஒன்று எம் குசினிக்கு மிக நெருங்கியது என்பதை அறிந்தபோது எமக்கு வியப்பு உண்டாயிற்று. அது இறால் ஓடு.

தோட்டத்தில் வளர்ந்தவர்க்குக் கூனிச் சம்பலைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. ரொட்டிக்கு அதைவிடத் தோழன் வேறில்லை. கடலைக் கண்டிராத எம் போன்ற பிள்ளைகளுக்குக் கடலின் மணம் கூனி வறுக்கும் சட்டியிலிருந்துதான் முதலில் வந்தது. கூனியை ஓட்டோடு தின்போம். பெரிய இறாலின் ஓட்டை உரித்து எறிவோம். சிலாபம், புத்தளப் பகுதிகளில் இறால் பண்ணைகள் நிறைந்திருக்கின்றன. தலையும் ஓடும் கழிவாகச் சேர்ந்தால் அங்கே மூக்கைப் பொத்தாமல் நடக்க முடியாது. அக்கழிவிலிருந்து கிடைப்பதே கைற்றோசான்.

அதன் வரலாறு இறாலில் அல்ல, காளானில் தொடங்கியது. 1811இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஹென்றி பிரக்கொனோ காளானிலிருந்து ஒரு புதுப்பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னர் பூச்சிகளின் ஓட்டிலும் அது இருப்பது தெரிந்து, கைற்றின் எனப் பெயர் பெற்றது. 1859இல் ரூஜே என்பவர் அதைக் கடுங்காரத்தில் கொதிக்கவைத்தார். எதிலும் கரையாதிருந்த அது அமிலத்திற் கரையும் பொருளாக மாறியது. 1894இல் ஜேர்மானியரான ஹொப்பே-செய்லர் அதற்குக் கைற்றோசான் என்று பெயரிட்டார். பெயரிட்டபின் வெகுகாலம் அதை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. காளானும் இறாலும் ஒரே பொருளால் தம் உடலைக் கட்டிக்கொள்கின்றன என்பதைச் சைவ உணவினரான எம் அத்தையார் இன்றும் நம்ப மறுக்கிறார். காளான் கறியை மட்டும் விடவில்லை.

செய்முறையை மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கழுவி உலர்த்திய ஓட்டை நீர்த்த ஐதரோக்குளோரிக்கமிலத்தில் இட்டால் அதிலுள்ள சுண்ணாம்பு பொங்கிக் கரைந்துபோகும். பின்னர் நீர்த்த எரிசோடாவில் காய்ச்சினால் புரதம் நீங்கும். எஞ்சுவது கைற்றின். அதைக் கனத்த எரிசோடாவிற் சூடாக்கினால், அதன் சங்கிலியில் தொங்கும் அசற்றைல் கூட்டங்கள் கழன்று, அவ்விடத்தில் அமினோக் கூட்டங்கள் வெளிப்படும். இதுவே கைற்றோசான். வெள்ளைச் செதிள்களாக இருக்கும். நீரிற் கரையாது, வினாகிரியின் புளிப்புக்குக் காரணமான அசற்றிக் கமிலத்தை நீரிற் சிறிது கலந்தால் கரைந்து கூழாகும். கூழைப் பூசி உலரவிட்டால் மெல்லிய படலமாகும்.

அந்த அமினோக் கூட்டங்களில்தான் சூட்சுமம் இருக்கிறது. புளிப்பான சூழலில் அவை நேரேற்றம் பெறுகின்றன. பற்றீரியாவின் மேற்பரப்போ எதிரேற்றம் உடையது. எதிரெதிர் ஏற்றங்கள் ஈர்க்கும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். அண்டி வந்த கிருமியின் தோலைக் கைற்றோசானின் நீண்ட சங்கிலி பல இடங்களிற் பற்றி நெருக்கும். தோல் குலைந்து உட்சாறு வெளியே கசியும். கிருமி வீடு கட்டத் தொடங்குமுன்னே முடிந்துபோகிறது. இரத்தத்தில் மருந்தைக் கலந்து உடம்பெங்கும் அனுப்பாமல், காவலை வாசலிலேயே நிறுத்துவது போன்றது இது.

கொஸ்ரேற்றன் பின்னாளில் தலைமை வகித்த அமெரிக்காவின் மொன்ரானா மாநிலப் பல்கலைக்கழகத்து உயிர்ப்படல ஆய்வு நிலையத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கைற்றோசான் பூசிய பரப்பையும் பூசாத பரப்பையும் ஐந்து வகை நுண்ணுயிர்களுக்கு முன் 54 மணிநேரம் வைத்தனர். வைத்தியசாலைகளில் அஞ்சப்படும் ஸ்ரபிலோகொக்கசு, கிளெப்சியெல்லா, சூடோமோனாசு, கன்டிடா பூஞ்சை ஆகியவை அவற்றுள் அடங்கும். பூசிய பரப்பில் உயிர்ப்படலக் கிருமிகள் குறைந்தபட்சம் நூற்றுக்கு 95 பங்கு குறைந்தன. சிலவற்றில் ஏறக்குறைய முழுவதும் இல்லாதொழிந்தன. 2008இல் இது வெளியாயிற்று. அதன்பின் சிலிக்கோன் குழாயிலும் எலும்பில் இறுக்கும் தைத்தேனியத்திலும் இதை எவ்வாறு கழலாமல் ஒட்டுவது என்ற முயற்சி பல நாடுகளில் நடந்துவருகிறது. சிலிக்கோன் நீரை வெறுக்கும் பொருள். அதன்மேல் கூழ் நில்லாது உருண்டோடும். ஆகவே முதலில் மின்னேற்றிய வாயுவால் அதன் தோலைப் பதப்படுத்துகிறார்கள். அல்லது நேரேற்றப் படலம் ஒன்று, எதிரேற்றப் படலம் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள்.

இதையெல்லாம் படித்த இரவில், பெரியப்பாவின் குழாயிலும் இதைப் பூசினால் தீர்ந்ததே என்று நாம் மகிழ்ந்துபோனோம். தொடர்ந்து படித்தபோது அம்மகிழ்ச்சி சற்றுத் தணிந்தது.

கைற்றோசானின் வலிமை புளிப்பைச் சார்ந்தது. சலம் பெரும்பாலும் இலேசான புளிப்புடையதுதான். ஆனால் புரொற்றியசு என்னும் கிருமி சலத்திலுள்ள யூரியாவை உடைத்து அமோனியாவாக்கிச் சலத்தையே காரமாக்கிவிடும். கார நிலையில் அமினோக் கூட்டங்கள் தம் ஏற்றத்தை இழக்கின்றன. நீண்டகாலக் குழாய்களில் உப்புப் படிந்து அடைப்பு ஏற்படுவதற்கும் முதற் குற்றவாளி இதே புரொற்றியசுதான். எந்த எதிரிக்காகக் காவலனை நிறுத்துகிறோமோ அவனே காவலனின் வாளை மழுக்கிவிடுகிறான்! இரத்தக்குழாயில் வைக்கும் கதீற்றருக்கு வேறொரு சங்கடம். கைற்றோசான் இரத்தத்தை உறையச் செய்யும். காயத்துக்கு அது பெரும் வரம்; 2002இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கைற்றோசான் காயக்கட்டுகள் போர்முனையில் உயிர் காத்தன. ஆனால் சிறுநீரக நோயாளியின் கழுத்து நாளத்தில் இருக்கும் குழாயில் இரத்தம் உறைந்தால் அது ஆபத்து. ஊவாவின் கீழ்ப்புறத்தில் கிராந்துருக்கோட்டைப் பக்கம், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயால் வாடும் விவசாயக் குடும்பங்களை அறிந்தவர்க்கு இதன் பாரம் புரியும். எனவே உறைவைத் தடுக்கும் எப்பாரினையும் சேர்த்துப் பூசும் வழிகளை ஆராய்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் எம்மை எச்சரித்தது. வெள்ளி பூசிய சலக்குழாய்கள் கைற்றோசானுக்கு முன்பே சந்தைக்கு வந்தவை. ஆய்வுக்கூடத்தில் அவை கிருமிகளை நன்கு தடுத்தன. ஆனால் பிரித்தானிய வைத்தியசாலைகளில் 7,000க்கும் மேற்பட்ட நோயாளரிடம், குறுகியகாலப் பாவனையில் பரீட்சித்து, 2012இல் முடிவு வெளிவந்தபோது, சாதாரணக் குழாயைவிட அவற்றால் குறிப்பிடத்தக்க நன்மை காணப்படவில்லை. கண்ணாடித் தட்டில் வெல்வது வேறு, கட்டிலில் வெல்வது வேறு. அத்தகைய பெரும் பரீட்சையைக் கைற்றோசான் பூச்சு இனித்தான் கடக்கவேண்டும். பத்திரிகைகளில் 'அற்புதக் கண்டுபிடிப்பு' என்ற தலைப்பைக் காணும்போதெல்லாம் இந்த வெள்ளிக் குழாயை நினைத்துக்கொள்வது நல்லது என்று எமக்குப் படுகிறது.

ஆனாலும் நாம் நம்பிக்கையிழந்தோமல்லோம். வெள்ளியைத் தோண்டி எடுக்கவேண்டும். இறால் ஓட்டையோ நாமே எறிகிறோம். 1957இல் கொச்சியில் நிறுவப்பட்ட இந்திய மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் இறால் கழிவிலிருந்து கைற்றினும் கைற்றோசானும் எடுக்கும் முறையை வகுத்துத் தொழிற்சாலைகளுக்கு அளித்தது. தேயிலைக்கும் இதற்கும்கூட உறவு உண்டு. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தார் கைற்றோசான் நுண்துகள்களைத் தேயிலை இலையில் இட்டு, இலையின் இயற்கைப் பாதுகாப்பு ஆற்றல் தூண்டப்படுவதை 2015இல் எடுத்துரைத்தார்கள். பதுளையில் 2005 முதல் இயங்கும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் நீர்வளத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. தேயிலைத் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகிறது. லயத்துப் பிள்ளையொருவர் அங்கே படித்து, சிலாபத்து ஓட்டைக் கொண்டு இம்மலைநாட்டு நோயாளியின் குழாய்க்குக் கவசம் செய்யும் நாளை நாம் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆசைக்கு அளவில்லைதான்.

பெரியப்பா பதினோராம் நாள் வீடு திரும்பினார். கட்டிலின் காலில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் ஆணியடித்து, பை தரையிலும் முட்டாமல் மேலும் எழாமல் தொங்கவிட்டோம். குழாயைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவாமல் எவரையும் அண்டவிடுவதில்லை. பெரியப்பாவின் பேத்தி அதற்கு அதிகாரியாக நியமிக்கப்பட்டிருக்கிறாள். பையைக் குழாயிலிருந்து அவசியமின்றிக் கழற்றுவதுமில்லை. வைத்தியசாலைக்குப் போகும்போது வேட்டிக்குள், காலோடு காலாகப் பட்டியிட்டுக் கட்டும் சிறிய பையொன்றைத் தாதியே கொடுத்துப் பழக்கிவிட்டார். நாணமும் காக்கப்பட்டது, சலமும் கீழ்நோக்கியே போகிறது. இப்படியொரு பை இருக்கிறதென்று முன்பே விசாரித்தறியாதது எம் அறியாமை.

ஒருநாள் மாலை அவருக்கு இந்த இறால் ஓட்டுக் கதையைச் சொன்னோம். வெற்றிலையை மென்றபடி முழுவதையும் கேட்டார்.

"அப்போ கூனி நெறையத் தின்னா உள்ளுக்குள்ளயே பூசிக்கிடும்ல, தம்பி?"

இல்லை, வயிற்றுக்குப் போவது வேறு வழி, சலம் வருவது வேறு வழி என்று விளக்கினோம். அவருக்கு ஏமாற்றந்தான். சற்று நேரம் கழித்து, எம் அன்னையார் தேய்த்த பீலிக் கல்லைப்பற்றிக் கேட்டார். பீலி இப்போது இல்லை. மலையிலிருந்து கறுப்புப் பிளாஸ்ரிக் குழாய் வழியாகத் தண்ணீர் லயத்துக்கே வருகிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார்.

"அந்தக் கறுப்புக் கொழாய்க்குள்ளயும் இந்த வழுக்கல் இருக்குமா?"

"இருக்கும், பெரியப்பா."

"யாரு தேய்க்கிறா?"

யாருமில்லை என்றோம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பி, இனிமேல் தமக்கும் பேத்திக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே தரவேண்டுமென்று உரக்கக் கூறினார்.